ஒரே கோரிக்கையை மூன்று கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். மகளிர் குழுவுக்குத் தலைவி. கணவர் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊருக்கு மேலே ரோட்டோரம் சுற்றுலா வண்டிகள் நின்று போகும் ஒரு வளைவு இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் வருகிறவர்கள் தின்றுவிட்டுப் பள்ளத்தில் வீசுவதெல்லாம் மழையில் எங்கள் ஓடைக்கு வந்து சேருகிறது. அந்த ஓடையில்தான் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறோம். வளைவில் குப்பை போடக் கம்பிக் கூண்டு வைக்க வேண்டும், சனி ஞாயிறு இரண்டு பேரை அங்கே நிறுத்த வேண்டும், கடைகளில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், கலைந்து போனார்கள். கடைக்காரர்களிடம் போனால், "எங்க பொழப்பைக் கெடுக்க வந்தியா?" என்றார்கள். எனக்கும் கோபம் வந்து, "உங்க குப்பையைத்தான் நாங்க குடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்றிய அலுவலகத்தில் "மனு கொடுங்க, பார்க்கலாம்" என்கிறார்கள். ஜீப் ஓட்டும் என் கொழுந்தனாரே, "டூரிஸ்ட் வராம போனா யாரு அண்ணி சோறு போடுவா?" என்று கேட்கிறார். ஜனவரி 26 கிராம சபையில் மறுபடி பேசப் போகிறேன். அப்புறம் கடைக்காரர்கள், அதற்கப்புறம் கலெக்டர் ஆபீஸ். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி பேசச் சொல்கிறார்கள் குழுவில். அது ஏமாற்று இல்லையா? இன்னொன்று: போன மாதம் ஓடை வாயைச் சுத்தம் செய்தபோது மண்வெட்டியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. அதில் 2011 என்று தேதி பளிச்சென்று இருந்தது. என் பையன் அதற்கு அப்புறம்தான் பிறந்தான். இப்போது எட்டாவது படிக்கிறான்.

ஒரு வாசகி, சேர்வராயன் மலை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த பிஸ்கட் பாக்கெட், அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்கு பக்க அறிக்கையில் அந்தப் பாக்கெட் இருந்ததா? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். "சுற்றுச்சூழல் மாசு", "பொதுச் சுகாதாரம்" என்றெல்லாம் எழுதியிருப்பீர்கள். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தாய் மண்வெட்டியால் கிளறும்போது தன் மகனைவிட வயதான ஒரு காகிதம் அச்சு அழியாமல் வெளியே வருகிறது என்றால், அதைவிடப் பெரிய பேச்சை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தப் பாக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? எங்கே போட்டீர்கள் என்று முதலில் தேடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி பேசுவது ஏமாற்றா? கேட்கிற பொருளை மாற்றினால் ஏமாற்று. ஊரில் "கடைகளை மூட வைப்போம்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர்களிடம் "உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் ஏமாற்று. கூண்டு, இரண்டு ஆட்கள், பாட்டில் திரும்ப வாங்குவது என்ற மூன்றும் எல்லா இடத்திலும் அப்படியே இருந்து, எந்தப் பக்கத்திலிருந்து பேச்சை ஆரம்பிக்கிறோம் என்பது மட்டும் மாறினால், அது எதிரே இருப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை. காய்ச்சலுக்கு அதே மாத்திரைதான் என்றாலும், குழந்தையிடம் சொல்கிற மாதிரியா பாட்டியிடம் சொல்கிறோம்? எனக்கு நானே வைத்திருக்கும் ஒரு சோதனை உண்டு. ஊர்க்காரர், கடைக்காரர், அதிகாரி மூவரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியத்தைச் சொல்வேனா? சொல்லக் கூசினால் அதை எங்கேயும் சொல்லக் கூடாது. அதுவும் உங்கள் மலையில் காலையில் ஒரு டீக்கடையில் பேசியது மதியத்துக்குள் இன்னொரு டீக்கடைக்குப் போய்விடும்.

அக்டோபர் 2 அன்று ஏன் கை தட்டிவிட்டுக் கலைந்தார்கள் என்று நீங்கள் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் நம் சேலம் மாவட்டத்துக்கு வந்தன. அந்தத் தொடக்க காலத்தில் நான் பயிற்சியாளராக ஊர் ஊராகப் போனவள். ஒரு மலையடிவாரக் கிராமத்தில், வட்டிக்கு வாங்கி வாங்கிப் பெண்கள் எப்படிச் சீரழிகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினேன். படம் போட்ட சார்ட்டெல்லாம் வைத்திருந்தேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்து, "கண்ணு, எங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும். நாளைக்குக் காலைல எந்திரிச்சு நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் போனபோது பாதிப் பேர் வரவில்லை. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், அந்தப் பாட்டி எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேச்சைத் தயார் செய்கிறேன்.

உங்கள் ஊர் மக்கள் கை தட்டியது "நல்லாப் பேசினே" என்பதற்காக. அதற்குமேல் அவர்கள் செய்வதற்கு நீங்கள் எதையும் கொடுக்கவில்லை. ஓடைத் தண்ணீர் கெட்டுப்போனது அவர்களுக்குத் தெரியாதா? தினமும் குடத்தில் பிடிக்கிறவர்கள் அவர்கள்தானே?

சரி, ஜனவரி 26க்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கொழுந்தனாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவரை மனம் மாற்றுவதற்காகப் பேச வேண்டாம், கேட்பதற்காகப் பேசுங்கள். அவர் எதிரி இல்லை. உங்கள் ஊரிலேயே, உங்கள் வீட்டிலேயே, டூரிஸ்ட்டை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை உங்கள் நான்கு பக்கம் மறந்துவிட்டது. அவர் சொல்லும் பயத்தை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வளைவில் வண்டி நிறுத்தச் சொல்கிறார்கள், எங்கே நாற்றத்தால் இறங்க மாட்டேன் என்கிறார்கள், குரங்கு எங்கே கூட்டமாக வருகிறது, இதெல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நல்ல காற்று வாங்க வருகிறவன், வண்டியை விட்டு இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டால் மறுபடி வருவானா? இதை நீங்கள் சொன்னால் வாதம். ஜீப் ஓட்டுகிறவர் சொன்னால் சாட்சி. கிராம சபையில் உங்களுக்கு அடுத்து அவர் இரண்டு நிமிடம் பேசச் சம்மதித்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. சம்மதிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. அவருடைய மறுப்பை நீங்களே கூட்டத்தில் முதலில் எடுத்துச் சொல்லுங்கள்: "வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு பயம் இருக்கு. அது நியாயமான பயம்தான்." யார் மனதில் என்ன ஓடுகிறதோ அதை நாமே வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அவர் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டிய அவசியம் இருக்காது. அதேபோல ஊர்க்கவுண்டர் வீட்டுக்கும், மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கும் முன்கூட்டியே போய்விட்டு வாருங்கள். கூட்டத்தில்தான் முதல்முறையாகக் காதில் விழுகிறது என்றால், நல்ல யோசனையைக்கூடப் பெரியவர்கள் தள்ளிவைப்பார்கள்.

எண்ணிக்கை வேண்டும். "ஏராளமான குப்பை" என்று எழுதாதீர்கள். இன்றிலிருந்து நான்கு வாரம், சனியும் ஞாயிறும், குழுவிலிருந்து இரண்டு பேர் அந்த வளைவில் நின்று எத்தனை வண்டி நின்றது, திங்கள் காலை பள்ளத்தின் மேல்விளிம்பில் எத்தனை சாக்குக் குப்பை அள்ள முடிந்தது, அதில் பாட்டில் எத்தனை என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறியுங்கள். தேதியும், நின்றவர் கையெழுத்தும் இருக்கட்டும். நான்கு வார நோட்டுக்கு எந்த மேசையிலும் மதிப்பு உண்டு. யாராவது "சும்மா சொல்றீங்க" என்றால் நோட்டைத் திறந்து காட்டலாம். அந்த நோட்டு மூன்று கூட்டத்துக்கும் பொது.

கிராம சபைக்கு வருவோம். ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சரி, ஊராட்சிச் செயலரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, உங்கள் விஷயத்தைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசியில் "இதர" என்ற தலைப்பில் பேசினால் ஆள் எழுந்து போயிருப்பார்கள். ஊராட்சி மக்கள்தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர், 3001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ஜனவரி காபிப் பழம் பறிக்கும் நேரம். பறிக்கப் போகிற பெண்களை முந்தைய நாளே பார்த்துச் சொல்லி வையுங்கள். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம். இன்ன வளைவில் கூண்டு அமைக்கவும், வார இறுதியில் இரண்டு தூய்மைக் காவலர்களை அங்கே நிறுத்தவும், திங்கள்தோறும் குப்பையை எடுத்துச் செல்லவும் இந்தக் கிராம சபை தீர்மானிக்கிறது. இவ்வளவுதான். இது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, உங்கள் கண் எதிரே படிக்கப்பட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஜனவரியில் ஏதோ காரணத்தால் முடியாமல் போனால் மனம் விட வேண்டாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அன்றும் கிராம சபை உண்டு. ஓடைக்காகப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?

அங்கே என்ன பேசுவது? பேப்பரைப் பார்த்துப் படிக்காதீர்கள். அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, தேதியை முன்வரிசையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அது கூட்டத்துக்குள் கை மாறிப் போய்க்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஓடையைப் பற்றி, குடத்தைப் பற்றி உங்கள் பேச்சிலேயே ஐந்து நிமிடம் பேசுங்கள். "திடக்கழிவு மேலாண்மை" என்ற சொல்லை மனுவுக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் குப்பை என்றே சொல்லுங்கள். கடைசியில் அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருங்கள்: வர்ற சனிக்கிழமை காலை யார் யார் வளைவுக்கு வருகிறீர்கள், கை தூக்குங்கள். எட்டு பேர் தூக்கினால் போதும். பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் காயப்பட்டதும் காயப்படுத்தியதும் அங்கேதான். "உங்க குப்பையைத்தான் நாங்க குடிக்கிறோம்" என்ற வாக்கியம் முழுக்க உண்மை. எனக்கே அதைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. ஆனால் அதைக் கேட்ட நிமிடத்தில் ஒரு மனிதர் என்ன செய்வார்? நான் போடவில்லை, அவன்தான் போட்டான் என்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவரால் உங்கள் கம்பிக் கூண்டைப் பற்றி யோசிக்க முடியாது. பஜ்ஜி போடுகிறவர், சோளம் சுடுகிறவர், மிளகுப் பொட்டலம் விற்கிற அம்மா இவர்களெல்லாம் யார்? பெரும்பாலும் உங்களைப் போலவே மலையில் குடும்பம் நடத்துகிறவர்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் சம்பாதிப்பதை வைத்து மழைக்காலத்தை ஓட்டுகிறவர்கள். 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை ஆனதிலிருந்து, சோதனை, அபராதம் என்ற பயத்திலேயே கடை நடத்துகிறார்கள். "குப்பை" என்ற சொல்லோடு யார் வந்தாலும் இன்னொரு அபராதம் வருகிறது என்றுதான் அவர்கள் காதில் விழும்.

ஆகவே இந்தமுறை கூட்டம் போடாதீர்கள். மழை பெய்து வியாபாரம் இல்லாத ஒரு வார நாளில், குழுப் பெண்கள் இரண்டு பேராகப் போங்கள். முதலில் அன்றைக்குப் பேசியதற்கு, "அன்னைக்குக் கோபத்துல பேசிட்டேன் அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன விஷயத்தை விட்டுக்கொடுப்பதாக ஆகாது, சொன்ன விதத்துக்காகத்தான் வருத்தம். டீ குடியுங்கள். அப்புறம் கேளுங்கள்: திங்கள் காலை கடை முன்னால் யார் கூட்டுகிறார்கள்? கூட்டியதை எங்கே போடுகிறார்கள்? கடைக்குப் பின்னால் கொளுத்துகிறார்களா? காட்டுமாடு குப்பைக்கு வந்து கடையைச் சாய்த்ததுண்டா? அவர்களுக்கும் இது தலைவலிதான் என்பது பேச்சிலேயே வெளியே வரும். அதற்கப்புறம் உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். நீலகிரியில் 2022 மே முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைத்துப் போட்ட கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதைப் பார்த்து உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. அதே முறையில், உங்கள் வளைவில் உள்ள கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கு ஐந்தோ பத்தோ கூடுதலாக வாங்கித் திருப்பித் தரலாம். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவன் கடை வாசலுக்கு இரண்டாம் முறை வருகிறான். ஒரு டீ குடிக்கலாம், ஒரு பொட்டலம் மிளகு வாங்கலாம். இதை நீங்கள் சொல்வதைவிட, அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும், காத்திருங்கள்.

முதல் நாளே எல்லாக் கடையும் சம்மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாதம், இரண்டு கடை மட்டும் செய்து பார்க்கட்டும். சேரும் பாட்டிலைக் குழு எடுத்துப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடும் என்று சொல்லுங்கள். சில்லறை இல்லை, கூட்ட நேரத்தில் முடியாது என்று மறுப்பார்கள். அதுவும் நியாயம்தான். சனி ஞாயிறில் ஒரு பெண்ணை அந்தக் கடையோரம் சில்லறையோடு உட்கார வைக்க முடியுமா என்று குழுவில் பேசிவிட்டுப் போங்கள். மறுப்புக்கு முன்பே விடை கையில் இருந்தால் பேச்சு தடைப்படாது.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். வரிசையில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் பட்டா, ஓய்வூதியம், வழித்தகராறு என்று நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். அங்கே கதைக்கு இடமில்லை. போவதற்கு முன்பு ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வளைவும் பள்ளமும் யாருடைய நிலம்? ரோட்டோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை, காட்டு எல்லைக்குள் வந்தால் வனத்துறை, புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை. வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வனநிலம் என்றால் சேர்வராயன் தெற்குச் சரகமா வடக்குச் சரகமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மனு பல இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற ஒற்றை வரியோடு மூடப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எத்தனையோ நல்ல மனுக்கள் இப்படிச் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன், மனது ஆறவில்லை.

மனு ஒரே பக்கம். முதல் வரியில் இடமும் சர்வே எண்ணும். அடுத்து உங்கள் நோட்டிலிருந்து நான்கு வாரக் கணக்கு. அதன்பிறகு கேட்பது என்ன, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பது. மே மாதச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன் என்று தேதியோடு கேளுங்கள். இணைப்பாகக் கிராம சபைத் தீர்மான நகலும், தேதி போட்ட இரண்டு போட்டோவும் போதும். பாட்டில் திட்டத்துக்குச் சம்மதித்த கடைக்காரர் ஒருவர் கையெழுத்தும் அதில் இருந்தால், "சுற்றுலா பாதிக்கும்" என்ற பேச்சு அங்கே எழாது. இன்னொரு விஷயம். உங்கள் ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இந்த மலையிலிருந்துதான் வாணியாறு தருமபுரிப் பக்கம் போகிறது, திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் வருகிறது. உங்கள் ஓடை அதில் ஒன்றில் சேருமானால் மனுவில் ஒரு வரி எழுதுங்கள். அப்போது அது ஒரு சிற்றூரின் பிரச்சினையாக மட்டும் நிற்காது. மனு கொடுத்ததும் தரும் எண்ணை வாங்காமல் வரிசையை விட்டு வராதீர்கள்.

குழுப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து போங்கள், ஆனால் பேசுவது ஒருவர்தான். கலெக்டர் முன் நின்றதும் வணக்கம் சொல்லிவிட்டு, மனுவை நீட்டும் முன்பு பாக்கெட்டை மேசையில் வையுங்கள். "ஐயா, இது எங்க குடிதண்ணி ஓடையில கெடைச்சது. தேதியைப் பாருங்க." அம்மாவாக இருந்தால் அம்மா. அவ்வளவு சொல்லிவிட்டு மனுவைக் கொடுங்கள்.

பாக்கெட் கிடைத்ததும் கழுவிவிடாதீர்கள். அந்த ஓடை மண் ஒட்டியிருக்கிறபடியே ஒரு பழைய டப்பாவில் போட்டு, மூடி எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா